பாத்தியைத் தாண்டிய லில்லி

போன வாரம் திருவாலங்காடு ஸ்டேஷனில் ரயில்வே போன் அடித்தது. "சார், நம்ம செங்கேணி பூட்டாரு" என்றார் என் பழைய ஸ்டேஷனிலிருந்து பாயிண்ட்ஸ்மேன். சாவுச் செய்தி. அடுத்த வண்டிக்கே கிளம்பினேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரயிலேறியவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சின்ன ஸ்டேஷனில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். மதராஸில் ஏதோ பங்களாத் தோட்டத்தில் கேட்டு வாங்கி, நாலே நாலு மழை லில்லிக் கிழங்கைச் சோற்று டப்பாவில் கொண்டுவந்தார். சீமைச் செடி. பயணிகள் குடித்த மிச்சத் தண்ணீரிலேயே பிளாட்பாரத்தோரம் ஒரு பாத்தி நிறைந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு அந்தப் பாத்திதான் எல்லாம்.

தொழிற்சாலைகள் வந்தன, சரக்கு இறக்க இன்னொரு தண்டவாளம் தேவைப்பட்டது. பாத்தியைத் தோண்டச் சொன்ன ஸ்டேஷன் மாஸ்டர் நான்தான். "வேற எட்ம் குடு சார், நானே பேத்து வெச்சிக்கிறேன்" என்று கெஞ்சினார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அதற்குள் தண்டவாள வேலை பார்க்கும் கேங் ஆட்கள் தோண்டிவிட்டார்கள்.

குவிந்து கிடந்த கிழங்குகளைச் சின்ன வெங்காயம் என்று நினைத்து, கூழுக்குக் கடித்துக்கொள்ளத் துண்டில் முடிந்துகொண்டு போனார்கள். மத்தியானம் லைனோரம் உட்கார்ந்து முதல் கடி கடித்த மேஸ்திரி, "த்தூ! இன்னாடா இது, இந்தக் கசப்பு கசக்குது!" என்று துப்பினார். ஆத்திரத்தில் நடந்த வழியெல்லாம் இருபுறமும் வீசிக்கொண்டே போனார்கள். செங்கேணி ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கோடை மழை விட்ட மூன்றாம் நாள், காலை வண்டி டிரைவர் வெளியே எட்டிப் பார்த்தபடியே வந்து சேர்ந்தார். ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னல்களில் குவிந்திருந்தார்கள். தண்டவாளத்தின் இரு கரையிலும் ஒரே இளஞ்சிவப்பு! குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிய செங்கேணி, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஒரு பாத்தி எட்ம் கேட்டேன், குடுக்கல. இப்போ பாரு சார், லைனே நம்ப்ளுது!"

வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. நான் மாற்றலாகி வந்த பிறகும் மழைக்கு மழை போனில் கூப்பிடுவார். "அட்த்த ரயில்வே கேட்டு வரிக்கும் வந்துட்ச்சி சார்!"

போன வாரம் சாவு வீட்டுக்கு நான் போனபோது மாலை வாங்க யாரும் கடைக்குப் போயிருக்கவில்லை. லைனோரத்திலிருந்து கை கொள்ளாமல் லில்லி பறித்து வந்திருந்தார் அதே மேஸ்திரி. "த்தூன்னு துப்பினேனே, பெர்சு" என்று அழுதார்.

என் மாற்றலின்போது செங்கேணி ஒரு கிழங்கு கொடுத்தார். "பாத்தி கட்டாத சார்" என்றார். அதை இங்கே குவார்ட்டர்ஸ் வேலிக்கு வெளியே நட்டேன். இன்று காலை, நான் நடாத வாய்க்கால் கரையில் ஒன்று பூத்திருக்கிறது.