பை வாங்கி வைக்கிற வேலை

மஸ்கெலியாவில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடையில் நான் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் பையை வாங்கித் தட்டில் வைத்து, நம்பர் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுக்க வேண்டும். அவர்கள் திரும்பும்போது அட்டையை வாங்கிக்கொண்டு பையைக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு இது போதும். நம்பரை வாசிக்கத் தெரிந்தால் சரி.

தேயிலைக் கொழுந்து பறித்து முழங்கால் போய், தோட்டத்தில் பேர் வெட்டி நிறுத்தின பிறகு கிடைத்த வேலை இது. உட்கார்ந்து செய்கிற வேலை, அதிர்ஷ்டந்தான் என்று லயத்து வீடுகளில் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்திலும் இவ்வளவு களைப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. வருகிற ஒவ்வொருவரிடமும் "பையத் தாங்க" என்று கேட்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் நான். கேட்கிற ஒவ்வொரு தரமும், நீ எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது போல இருக்கும்.

சிலர் சிரித்துக்கொண்டே தருவார்கள். "என்னா பெரியம்மா, பைய இப்பிடித் தூக்கிப் பாக்குறீங்க? உள்ள என் புருசனையா ஒளிச்சு வச்சிருக்கேன்?" என்று ஒருத்தி கேட்டாள். சிலர் என்னைப் பார்க்காமல் பையைத் தட்டில் எறிவார்கள்.

முதலாளியின் அப்பா காலத்தில் இந்தக் கடையில் ஒரு நீளப் பலகை இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சாமான், இந்தப் பக்கம் நாங்கள். கேட்டால் எடுத்துத் தருவார்கள். மகன் பொறுப்புக்கு வந்ததும் பலகையைக் கழற்றிவிட்டு வரிசையாக ராக்கைத் தட்டுகள் அடித்தார். ஆட்கள் தாங்களே எடுத்தால் கூடுதலாக வாங்குவார்கள் என்றார். வாங்கினார்கள். கொஞ்ச நாளில் சாமான் காணாமல் போகவும் தொடங்கியது. விலை ஏறிய காலத்தில் பால்மா பக்கெட் அடிக்கடி போனது. இப்போது பால்மாவை கேஷ் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கேமரா நாலு மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு வேலை செய்யாது. எந்த இரண்டு என்று எங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

பைக்கும் ஒரு சட்டம் உண்டு. தோளில் மாட்டுகிற தோல் ஹேண்ட்பேக் உள்ளே போகலாம். துணிப் பை, சாக்குப் பை, கொழுந்துப் பை எல்லாம் என்னிடம் வர வேண்டும். எந்தப் பையை யார் கொண்டுவருவார்கள் என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற ஒரு சின்னப் பெண். சேலைக்குள் பால்மா பக்கெட்டை வைத்துப் பிடிபட்டவள். கீழே சிங்களத்திலும் தமிழிலும் 'கள்ளி' என்று எழுதியிருக்கிறது. படத்தில் பிள்ளையின் பாதி முகமும் விழுந்திருக்கிறது. வெயில் பட்டு வெளுத்துவிட்டது, ஆனாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் இந்தப் பக்கம் பஸ் ஏறக்கூட வருவதில்லை என்று கேள்வி. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன்.

சம்பளத்துக்கு மறுநாள் கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு மழை வேறு. மத்தியானத்துக்குள் என்னிடம் இருந்த அட்டை எல்லாம் முடிந்துவிட்டது. அட்டை இல்லாவிட்டால் ஆளை வாசலிலேயே நிற்கவைக்க வேண்டும். கடையின் சட்டம் அதுதான்.

அப்போது அந்த அம்மா வந்தாள். பக்கத்துத் தோட்டம். பேர் தெரியாது, பஸ்ஸில் பார்த்த முகம். ஐம்பது வயதிருக்கும். அரை நாள் பேரோடு வேலையை முடித்துக்கொண்டு மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொழுந்துப் பையின் கயிறு இன்னும் தலையில்தான் இருந்தது, பை முதுகில் தொங்கியது.

"அக்கா, அட்ட இல்லையா? நிக்கவா?" என்று கேட்டாள்.

அந்த மழையில் ஒருத்தியை நிறுத்தி வைக்க எனக்கு வாய் வரவில்லை. "சரி, சட்டுனு போய்ட்டு வாங்க" என்றேன். பையோடு உள்ளே போனாள்.

கடையின் கூடைகளும் முடிந்துபோயிருந்தன. அரிசியும் மாவும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கேஷில் காசைக் கொடுத்தாள். வாசலுக்கு வந்தபோது முதலாளி பின்னாலேயே வந்து அவள் முதுகுப் பையைப் பிடித்தார். கேஷ் மேசையில் இருக்கும் கேமரா டீவியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கேஷைத் தாண்டும் வரை எதுவும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்.

பைக்குள் இரண்டு சவுக்காரக் கட்டியும் ஒரு கற்பூரப் பக்கெட்டும் இருந்தன.

"ஐயா, நான் போடலீங்க. இது எப்பிடி வந்துச்சுன்னே எனக்குத் தெரியலீங்க" என்றாள்.

"பேய் வந்து போட்டிருச்சாக்கும்" என்றது கேஷில் இருக்கிற பெண்பிள்ளை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பொலிசுக்கெல்லாம் போகல. நேரா நில்லு, படம் எடுக்கணும்" என்று முதலாளி போனைத் தூக்கினார்.

அவள் முகத்தை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை போல. சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்தாயிற்று. சாயங்காலத்துக்குள் சுவரில் இருக்கிற அந்தக் கைப்பிள்ளையின் பாதி முகத்துக்குப் பக்கத்தில் இவள் முகமும் ஒட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை தோட்டம் முழுக்க வந்து பார்க்கும்.

நான் நாற்காலியிலிருந்து எழும்பவில்லை. தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் கொஞ்ச காலம் வேலை செய்தேன். வேலை முடிந்து வெளியே வரும்போது, தேத்தூள் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று எங்களை வரிசையாக நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் யாருக்காகவும் பேசமாட்டோம். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அன்றைக்கும் என் கண் தானாக மேலே போனது.

முதலாளிதான் என்னைக் கூப்பிட்டார். "பெரியம்மா, இங்க வாங்க. நீங்க பையோட உள்ள விட்ட ஆளோட கைவரிசையப் பாருங்க."

டீவியில் மறுபடி ஓடவிட்டார். அவள் அரிசியையும் மாவையும் தரையில் வைத்துவிட்டு நிமிர்கிறாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ராக்கைக்குப் போகின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு சவுக்காரம். இரண்டும் தோளுக்கு மேலே போய்ப் பின்னால் விழுகின்றன. அவள் பின்னால் திரும்பவில்லை, அக்கம்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்க்கவில்லை. சவுக்காரம் பைக்குள் விழும் முன்பே கண் கற்பூரத்துக்குப் போய்விட்டது.

டீவியில் ஓடிய அந்தக் கை என் கை மாதிரியே இருந்தது.

"ஐயா, இது களவெடுக்கிற கை இல்லீங்க. கொழுந்துக் கை" என்றேன்.

"என்னா கை?"

"கை நெறைஞ்சா அது பின்னால போட்டுரும். கண்ணு பாக்காது, கண்ணு அடுத்த செடிக்குப் போயிரும். தலையில கயிறும் முதுகுல பையும் இருந்துச்சுன்னா கைக்கு மல எது, கட எதுன்னு தெரியாதுங்க. நான் வெங்காயத் தோலக்கூடப் பின்னால போட்டுட்டு மருமககிட்ட ஏச்சு வாங்குறேன்."

கேஷ் பிள்ளை சிரித்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. சுற்றிலும் தேயிலை மலையாக இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர், ஒரு நாளும் செடி நிரைக்குள் இறங்கியதில்லை. திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தார்.

"சரி. அட்ட இல்லாம ஏன் உள்ள விட்டீங்க?"

"மழைங்க."

"அப்ப இது உங்க பிழை."

"ஆமாங்க. நாளையிலருந்து நான் வேலைக்கு வரணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. அவங்க படத்த மட்டும் ஒட்டாதீங்க."

அவ்வளவு நீளமாக அந்தக் கடையில் நான் பேசியது அன்றுதான். முதலாளி டீவியை நிறுத்தினார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போகச் சொல்லுங்க" என்றார்.

அவள் சவுக்காரத்தையும் கற்பூரத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அரிசியையும் மாவையும் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். என்னைப் பார்க்கவுமில்லை. பையோடு அவளை உள்ளே விட்டவள் நான்தானே.

முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பதிலாக இன்னும் கொஞ்சம் அட்டை செய்து கொடுத்து, மழையோ வெயிலோ தோட்டத்து ஆட்களின் பை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்றார். அதையும் அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் உட்காரும் முன் சுவரைப் பார்ப்பேன். புதுப் படம் எதுவும் இல்லை. பழையது அப்படியே இருக்கிறது. அந்தச் சின்னப் பெண்ணுக்காக நான் எதுவும் பேசவில்லையே என்ற நினைப்பும் வரும்.

அடுத்த சம்பளத்துக்கு அந்த அம்மா வந்தாள். நான் கேட்கும் முன்பே தலைக் கயிற்றைக் கழற்றிப் பையை என் கையில் கொடுத்தாள். அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், ராக்கைப் பக்கம் போகாமல் கேஷ் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கடையின் கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மக, ஒரு கிலோ பருப்பு, ரெண்டு சவுக்காரம், ஒரு கற்பூரம். எடுத்துத் தாறீங்களா" என்றாள்.

"நீங்களே எடுக்கலாந்தானே?" என்றது பிள்ளை.

"வேணாம்மா. நான் இங்கனயே நிக்கிறேன்."

பிள்ளை எழும்பவில்லை, வரிசை நீளமாக இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்து எழும்பினேன். முழங்கால் இழுத்தது. பருப்பு, சவுக்காரம், கற்பூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவள் பிடித்திருந்த கூடைக்குள் வைத்தேன். கூடையிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை.