சரஸ்வதி பூஜையும் ஒன்பதாம் கட்டமும்

எனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தின் ஒரே பியானோவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்கென்று இருந்தது. அது போய்விடுமோ என்ற பயம் வாரம் முழுவதும் இருந்தது. தசரா விடுமுறைக்கு முந்தைய நாள் பியானோ டீச்சர், ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து அந்தப் பயத்துக்கு நாள் குறித்தார்.

அட்டையில் பத்துக் கட்டங்கள், நாளுக்கு ஒரு விளையாட்டு. முதல் நாள் பாடத்தை யானை நடக்கிற வேகத்தில் வாசிக்க வேண்டும். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு. இன்னொரு நாள் மணிக்கட்டின் மேல் வைத்த காலணா விழாமல். கேட்ட பெரியவர் அன்றன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் என் மணி நேரம் காத்திருக்கும் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். வேடிக்கையாக இருக்கும் என்றார் டீச்சர். அவருக்கு இருந்திருக்கலாம்.

வீட்டில் பியானோ ஏது? அப்பாவின் ஆர்மோனியம்தான். அதில் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தி போடும். 'இடது கை மட்டும்' என்றிருந்த நாளில் அரண்மனை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவைத் துருத்திக்கு உட்கார வைத்தேன்.

"இன்னும் எத்தனை தடவைடி?"

"ரெண்டுப்பா."

"பாடம் உனக்கா எனக்கா? அந்தத் துரைசானியைக் கேட்டுண்டு வா."

எப்படியோ எட்டுக் கட்டங்கள் நிறைந்தன. ஒன்பதாவது: நிறுத்தாமல், மூன்று பேர் கேட்க வாசி. கொலு பார்க்கத்தான் தினமும் கூட்டம் வருகிறதே என்று அதைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய இடத்தைத் தவற விடுவது எனக்கு இன்றுவரை கைவந்த கலை.

ஒன்பதாம் நாள் காலை எழுந்து பார்த்தால், ஆர்மோனியம் புத்தக அடுக்கின் மேல் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக உட்கார்ந்திருந்தது. சரஸ்வதி பூஜை. படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது. வருஷா வருஷம் அந்தத் தடைக்காகவே காத்திருந்தவள் நான்.

"அம்மா, ஒரே ஒரு தடவை."

"பூஜைல வெச்சாச்சு. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நாளைக்கு வேற கட்டம்மா."

"வாசிச்சான்னு நான் கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் அப்பா.

சரஸ்வதியின் எதிரிலேயே பொய்க் கையெழுத்து. அட்டையை அப்பா கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைய பாயசத்தை நான் தொடவில்லை என்பதை அம்மா கவனித்தாள். காய்ச்சல் என்று நினைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் சித்தியும், தபால் ஆபீஸ் மாமியும், அடுத்த வீட்டுக் கன்னடக்கார மாமியும் கொலு பார்க்க வந்தார்கள். வழக்கம்போல, "ஒரு பாட்டுப் பாடேண்டி," என்றாள் சித்தி.

"பாடலே. வாசிக்கறேன்."

உட்காரும் மணை ஒன்றைக் கவிழ்த்து, சாக்குக்கட்டியால் பியானோவின் கட்டைகள் மாதிரி கோடு போட்டேன். அதன் மேல் இரண்டு கைகளாலும் பாடத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்தேன். டொக்டொக் என்ற சத்தம் மட்டும். மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தாளம் போட முயன்ற தபால் ஆபீஸ் மாமி பாதியில் விட்டுவிட்டாள்.

"சென்னாகித்து," என்றாள் கன்னடக்கார மாமி. நன்றாக இருந்ததாம், இடது கைதான் கொஞ்சம் அவசரப்பட்டதாம்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலியே," என்றாள் சித்தி.

"பார்த்தேள் இல்லியா? போடுங்கோ," என்று அட்டையை நீட்டினேன்.

விடுமுறை முடிந்து டீச்சர் அட்டையைப் பார்த்தார். ஒன்பதாம் கட்டத்தில் மட்டும் இரண்டு மொழிகளில் மூன்று கையெழுத்து. எதில் வாசித்தாய் என்று கேட்டார். ஆர்மோனியம் என்று சொல்ல நினைத்த வாய், "மணையில்," என்றது. மணை என்பது என்ன, சரஸ்வதி பூஜையில் ஏன் எதையும் தொடக் கூடாது என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என் மணி நேரம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து பியானோவின் மூடியை இறக்கினார். பூட்டப் போகிறார் என்றே நினைத்தேன். மூடியைத் தட்டிக் காட்டி, "வாசி," என்றார்.

மூடியின் மேல் வாசித்தேன். அவர் குனிந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில், "தப்பு. நாலாவது விரல்," என்றார்.

திரும்ப வாசித்தேன். முடிந்ததும் மூடியைத் திறந்துவிட்டு, திங்கட்கிழமை என் மணி நேரத்துக்கு நகம் வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்.