செம்புக் கம்பியில் நெசவு முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் நூல் ராட்டையில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினோம். அம்மா கமலவேணி, ராசிபுரத்தில் தறி ஓட்டியபடியே படித்து, நாற்பத்து நான்காம் வயதில் அறிவியல் ஆசிரியை ஆனவர். புதிய ஆசிரியர்களுக்கான உதவித்தொகையில் வாங்கிய கம்பி அது. நடுவில் அறுந்ததும், நூலைப் போலவே முடிச்சுப் போட்டார். சுருளின் இரு முனைகளிலும் மின்சாரம் காட்டும் மீட்டரை இணைத்து, உள்ளே காந்தத்தை அசைத்தோம். மீட்டர் முள் நகரவில்லை.

"கம்பி மேல எனாமல் பூச்சு இருக்குதும்மா. அதைச் சுரண்டாம முடிச்சுப் போட்டா கரண்ட் போகாது," என்றேன்.

"தறிக்காரி புத்தி எங்க போகும் சாமி!" என்று சிரித்தார். "அவுக்காத. நாளைக்குப் பத்தாவது புள்ளைங்ககிட்ட இப்படியே குடுக்கறேன். ஏன் ஓடலைன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

அன்று மாலை மாரடைப்பில் இறந்தார். சுருள் மேசையில் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. பிள்ளைகள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.