நான் வைத்த சந்தனப் பொட்டு

குரோம்பேட்டையில் வசிக்கும் நான், ஒற்றை எஞ்சின் கொண்ட பழைய தனியார் விமானம் ஒன்றைப் பராமரிக்கும் மெக்கானிக். சென்ற ஆண்டு அதில் புது டிஜிட்டல் உயரமானி பொருத்திய கையோடு ஆயுத பூஜை வந்தது. விமானத்தின் உடம்பெங்கும் ஆசையாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலை சோதனைக்காகப் பறந்தோம். உரிமையாளர் ஓட்டினார், நான் பக்கத்தில். நாவலூருக்கு மேலே மேகம் மூடிக்கொண்டது.

"குமார், இவ்ளோ ஏறிட்டோம், இது இன்னும் ரன்வேலயே நிக்கிறோம்னு காட்டுது! என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

பழைய உயரமானியும் அசையவில்லை. தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்றே தெரியாமல் எப்படி இறங்குவது?

"முருகா, முருகா" என்று புலம்பியபோதுதான் பூஜை நினைவுக்கு வந்தது. காற்றழுத்தத்தை வைத்தே உயரம் காட்டும் அந்த இரண்டு மானிகளுக்கும் வெளிக்காற்று போவது, விமானத்தின் பக்கவாட்டில் உள்ள ஒரே குண்டூசித் துளை வழியாகத்தான். அதன்மேலும் பொட்டு வைத்திருந்தேன்!

"சார், சந்தனம் அடைச்சிருக்கு சார்!" என்று கத்தியபடி, அதே குழாயில் இணைந்திருந்த வேறொரு பழைய மானியின் கண்ணாடியை ஸ்க்ரூடிரைவரால் உடைத்தேன். அதன் வழியே காற்று புகுந்ததும் உயரமானிகள் இரண்டும் உயிர்பெற்றன. பத்திரமாகத் தரையிறங்கினோம்.

இந்த ஆண்டும் பூஜை செய்தேன். பொட்டு என் நெற்றியில் மட்டும்தான். இப்போதெல்லாம் புறப்படும் முன் அந்தத் துளைக்கு முன்னால் குனிந்து நிற்கிறேன். பார்ப்பவர்கள் கும்பிடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.