போர்ட்டிக்சன் மணல்

செனாவாங்கில் எங்கள் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு முழ உயரத்தில் ஒரு மரம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அந்திங் புத்ரி என்பார்கள். தொங்கட்டான் போல வெள்ளைப் பூ பூக்கும். என் மனைவி பதினோரு வருடம் வளர்த்த போன்சாய். எனக்கு அதன்மீது பெரிய பிரியமெல்லாம் இருந்ததில்லை. விடுமுறை நாளில் அவள் சாக்கை விரித்து உட்கார்ந்து, உடைத்த செங்கல், ஆற்று மணல், கருக்கிய உமி, கொஞ்சம் மக்கிய சாணம் என்று ஒவ்வொன்றாகச் சலித்துக் கலப்பாள்.

"மரத்துக்கு பிரியாணி ஆக்குறியா?" என்று கேலி செய்வேன்.

"ஒங்களுக்கு ஆக்குறதுக்கு இதுக்கு ஆக்குனா நன்றியாவது இருக்கும்லா" என்பாள்.

அவள் போய் மூன்று மாதத்தில் மரம் சோர்ந்தது. தொட்டியின் அடித்துளை வழியாக வேர் வெளியே வந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கியது. மண் மாற்றாவிட்டால் செத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. வீட்டில் உயிரோடு மிச்சம் இருந்தது நானும் அதுவும்தான். அதுவும் போய்விட்டால் வேலை முடிந்து யாரைப் பார்க்க வீட்டுக்கு வருவது என்று பயந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயந்தேன்.

செங்கல் இருந்தது, உமி இருந்தது. ஆற்று மணல் டின் மட்டும் காலி. கெமாஸ் பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள ஓடையிலிருந்து அள்ளி வருவாள். இப்போது அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. கடையில் ஒரு மூட்டை வாங்கியிருக்கலாம். நான் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனேன்.

அவள் அஸ்தியை அங்கேதான் கரைத்தோம். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், அங்கிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று சடங்கு செய்தவர் சொன்னார். அன்றைக்கு நானும் நல்ல பிள்ளையாகத் திரும்பாமலே நடந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் கழுத்து வலித்தது. இந்த முறை தனியாக மோட்டாரில் போய், அதே இடத்தில் நின்று, ஆசை தீரப் பார்த்தேன். பிறகு ஒரு பை நிறைய மணலை அள்ளிக்கொண்டேன்.

கடல் மணலைக் கழுவாமல் போடக் கூடாது என்று தெரியாத முட்டாள் இல்லை நான். கழுவ மனம் வரவில்லை. அதில் அவள் கொஞ்சமாவது இருப்பாள் என்று நம்பினேன். அப்படியே சலித்து, கலந்து, மரத்தை நட்டேன். வாரம் ஒருமுறை ஜொகூரிலிருந்து அழைக்கும் மகளிடம், "அம்மா மரத்துக்கு மண்ணு மாத்திட்டேம்மா" என்று பெருமையாகச் சொன்னேன். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. மரத்தை மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு அம்பாங்கானில் செடி விற்கும் அம்மாளிடம் ஓடினேன். அவர் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"என்னண்ணே, கடல் மண்ண போட்டிருக்கீங்க! உப்பு வேர தின்னுருச்சுலா."

"பொழைக்குமா?"

"எல்லாத்தையும் கொட்டிட்டு வேர நல்ல தண்ணில அலசுங்க. அந்த மண்ணுதான் வேணும்னா கழுவிப் போடுங்க. கழுவுன தண்ணிய நாக்குல வச்சுப் பாருங்க. உப்பு போற வரைக்கும் கழுவணும்."

ஏன் அந்த மண் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்து வேரை அலசி ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். பையில் பாதி மணல் மிச்சம் இருந்தது. வாளியில் கொட்டிக் கழுவி, ஒவ்வொரு முறையும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான்காவது வாளியில் உப்பு குறைந்தது. இன்னும் கொஞ்சம் இருந்தால்தான் என்ன என்று தோன்றியது. ஏழாவதில் வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஒவ்வொரு வாளியையும் வாசல் சாக்கடையில் சாய்த்து, அது ஓடி மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழுவிய மணலைச் சேர்த்து மரத்தை மறுபடி நட்டேன். மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில், தண்டில் சின்னதாக ஒரு பச்சை தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். துளிர்தான். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகள் அழைக்க இன்னும் நான்கு நாள் இருந்தது.

"துளுத்துருச்சுடி" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.