துடைத்துவிட்ட நட்சத்திரங்கள்

1. சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தைப் படம் பிடித்தேன்.
2. சுற்றியுள்ள சின்ன நட்சத்திரங்கள் அழியாமல், நெபுலாவை மட்டும் கூர்மையாக்கப் பல வாரங்கள் உழைத்தேன்.
3. அணுபுரத்தில் நடக்கவிருந்த வானப் புகைப்படக் கண்காட்சிக்காக, செங்கல்பட்டு ஸ்டுடியோ ஒன்றில் பிரிண்ட் போடக் கொடுத்தேன்.
4. பிரிண்ட்டில் ஒரு சின்ன நட்சத்திரம்கூட இல்லை.

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருப்பார். பேசும்போதும் அவர் கை மவுஸை விடாது. ஏதாவது ஒரு மணப்பெண்ணின் முகத்தில் பருக்களைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.

“அண்ணா, நட்சத்திரமெல்லாம் எங்க?”

“அதுவா? ஒரே புள்ளி புள்ளியா இருந்துச்சும்மா. நாந்தான் க்ளீன் பண்ணேன். இப்ப பாரு, எப்டி பளபளன்னு கீது!”

“இது கல்யாண ஆல்பம் இல்லண்ணா, வானம்!”

“வானமா இருந்தா இன்னாம்மா? புள்ளின்னா எடுத்துட வேண்டிதான்.”

ஆத்திரத்தில் பிரிண்ட்டை அவர் மேசையிலேயே போட்டேன். அவரோ, செய்த உதவிக்கு நன்றி சொல்வேன் என்று நிஜமாகவே காத்திருந்தார். அந்த முகத்தை இன்றும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மறு பிரிண்ட்டுக்கு நேரமில்லை. கண்காட்சிக்கு என் படம் போகவில்லை. அவர் துடைத்த படம், கீழே என் பெயரோடு, ஸ்டுடியோ வாசலில் மாதிரிக்கு மாட்டியிருக்கிறது. கழற்றச் சொன்னால், “எல்லாரும் சூப்பர்ன்றாங்கம்மா, இருக்கட்டும்” என்கிறார்.

இன்னும் கழற்றவில்லை.