பெரியம்மாவின் காது

தொலைபேசி அடித்தால் போதும், அண்ணி சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவார். வாயில் பாதிக் கவளம், ஒரு கையில் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் படகுச் சாவி. "அவ வந்துட்டாளாம்!" என்ற குரல் மட்டும் வாசலில் மிச்சமிருக்கும். அண்ணன் அந்தத் தட்டை மூடி வைப்பான். கல்யாணமான நாளிலிருந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறான்.

'அவ' என்பது ஒரு திமிங்கிலம். அண்ணி வைத்த பெயர் பெரியம்மா. வாலில் இருக்கும் வெட்டுத் தழும்பை வைத்தே எங்கிருந்தாலும் அடையாளம் சொல்லிவிடுவார். கடல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவள் பின்னால் போகத் தொடங்கியவர், தலை நரைத்தும் விடவில்லை. கப்பல்களின் வழியை மாற்றச் சொல்லி அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதும் அவளுக்காகத்தான். அவள் மூச்சுவிடும்போது தெறிக்கும் நாற்றத் தண்ணீரில் நனைந்து, அதே கோலத்தில் பேருந்தில் ஏறுவார். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனதும் காலை நீட்டிக்கொள்வார்.

"அவளுக்கு என்னைத் தெரியும்டி. என் படகுச் சத்தம் கேட்டாலே திரும்பிப் பாப்பா."

போன மாதம் பெரியம்மா செத்துக் கரை ஒதுங்கினாள். அந்த வாரம் ஐஸ்கிரீம் தேடி அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்த நான் அலறிவிட்டேன். பழுப்பாக, முழங்கை நீளத்துக்கு ஏதோ ஒன்று.

"கத்தாத. அவளோட காதுக் குரும்பிதான். லேப்ல ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுது" என்றார், ஏதோ மீந்த குழம்பைச் சொல்வது போல. அந்த வீட்டில் ஐஸ்கிரீம் சாப்பிடுவதை அன்றோடு விட்டேன்.

திமிங்கிலத்தின் காதுக் குரும்பி வெளியே வராதாம். வருடா வருடம் அடுக்கடுக்காகப் படியுமாம். பயந்தால் உடம்பில் சுரப்பது அந்தந்த வருடத்து அடுக்கில் தங்கிவிடுமாம். அதைக் காட்டிக் கப்பல்காரர்களின் வாயை அடைப்பது அண்ணியின் திட்டம்.

நேற்று ஆய்வுக்கூடத்தில் நானும் கூட இருந்தேன். கணினித் திரையில் அவள் பயத்தின் கோடு ஓடியது. கப்பல்கள் அதிகம் போன வருடங்களில் கொஞ்சம் ஏற்றம். வலையில் சிக்கிய வருடம் இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் மட்டும் கோடு செங்குத்தாக மேலே போய் நின்றது. அதற்குக் கீழே இருந்த வருடங்களை அண்ணி விரலால் தொட்டார். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, விடிந்தது முதல் இருட்டும்வரை அவள் பின்னாலேயே அண்ணி படகை ஓட்டிய வருடங்கள்.

"மெஷின் தப்பா காட்டுது அண்ணி."

"மறுபடி மறுபடி பாத்தாச்சு." விரல் இன்னும் அந்த வருடங்களின் மேலேயே இருந்தது. "அவ திரும்பிப் பாத்தது பிரியத்துல இல்லடி. பயத்துல."

தொலைபேசி அடித்தது. படகுக்காரர். "அம்மா, பெரியம்மா பொண்ணு வந்திருக்கா. கரைக்குப் பக்கத்துலயே நிக்குறா. சாவிய எடுத்துக்கிட்டு வர்றீங்களா?"

அண்ணியின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. பிறகு நின்றது.

"வேணாண்ணே. அவ பாட்டுக்குப் போகட்டும்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "எங்கயாவது ஒளிச்சு வை. நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத."

வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.